சதுரங்கப்பட்டினம் கட்டில்

இன்று காலை ஏழேகால் பஸ்ஸில் மாமல்லபுரத்திலிருந்து புறப்பட்டேன். எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மாள் மடியில் பித்தளைச் செம்பு வைத்திருந்தாள். அடி கனத்த பழைய வார்ப்பு. விலைக்குத் தருவாளா என்று கேட்டேன். உள்ளே மோர் இருக்கிறது என்றாள். மோரை நான் குடித்துவிடுகிறேன் என்றேன். அவள் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கேட்பதில் தவறில்லை. கேட்காமல் விட்ட பொருள்கள்தான் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன.

நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது புகார் கொடுக்க. எல்லப்பன் என்கிற விவசாயி, எனக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட கட்டிலை எரித்துவிட்டான். நீங்கள் அவனுடைய அப்பா சடையப்பனைப் பற்றிக் கேட்கிறீர்கள். கட்டிலைப் பற்றிச் சொன்னால் அவரும் அதில் வருவார். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் காசிநாதன். உப்பு இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். உப்பளங்களைப் பார்வையிடப் போன ஊர்களிலெல்லாம் பழைய பொருள் வாங்கினேன். கோவளத்தில் ஒரு ஊஞ்சல் பலகை. செய்யூரில் யாரோ கோழி அடைத்து வைத்திருந்த ஒரு பல்லக்கு. இந்த வருஷம் மகாமகத்துக்குக் கும்பகோணம் போய், குளத்தில் இறங்காமல், ஒரு குத்துவிளக்கோடு திரும்பினேன். எதையும் விற்பதில்லை. வாங்குவது மட்டும்தான்.

சொந்த வீட்டிலும் வாங்கியிருக்கிறேன். என் மனைவி சரோஜாவின் அஞ்சறைப்பெட்டி அவள் அம்மா கொடுத்தது. ஒரு நாள் கடுகு எடுக்கும்போதுதான் அது எவ்வளவு பழசு என்று கவனித்தேன். அவளிடம் முறையாக விலை பேசி வாங்கினேன். அதன் பிறகு அவள் கடுகைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். எங்கள் நாற்காலிகளில் யாரும் உட்காருவதில்லை. கட்டில்களில் படுப்பதில்லை. நானும் தரையில்தான் படுக்கிறேன், மழைக்காலத்திலும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். சரோஜா இப்போது ஊரப்பாக்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போகும்போது அலுமினியப் பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாள். நியாயமான பிரிவினை.

பழைய பொருள் எதையும் நான் சேதப்படுத்தியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கட்டிலைப் பற்றிச் சொன்னவர் மதார் சாகிப். திருக்கழுக்குன்றத்தில் மாட்டுவண்டி வைத்திருக்கிறார். நான் வாங்குவதையெல்லாம் அவர் வண்டிதான் ஏற்றி வரும். போன வருஷம், 1955 பங்குனியில், வைக்கோல் இறக்கப் போன வீட்டில் பார்த்ததாகச் சொன்னார்.

“ஒரு கட்டிலு கீது அண்ணாத்த. மேல ஒரு கெழவனும் கீறான். ரெண்டும் ஒரே வயசு.”

ஏரியை ஒட்டிய ஓட்டு வீடு. கூடத்தில் கட்டில். நூக்கமரம், ஈட்டி என்பார்களே அதுதான். கால்கள் கடைந்தவை. தலைமாட்டில் இரண்டு கிளிகள், ஒன்று இன்னொன்றின் மூக்கில் எதையோ ஊட்டுகிறது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் விட்டுப்போனது என்றார்கள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்கள். இது உண்மை என்று காலைப் பார்த்ததும் தெரிந்தது. டச்சுக்காரன் காலைச் சொல்லவில்லை, கட்டிலின் காலை.

வாங்க விரும்பும் பொருளைப் பார்க்கக்கூடாது. அது இந்த வேலையின் முதல் பாடம். நான் முற்றத்தில் இருந்த உரலை விலை கேட்டேன்.

கட்டில் மேலிருந்து ஒரு குரல் வந்தது. “உரல கேக்குறான். கண்ணு கட்டிலு கால நக்கிக்கினு கீது.”

அவர்தான் சடையப்பன். ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். எழுந்து நடக்க மாட்டார். மற்றபடி கண், காது, வாய் எல்லாம் சரியாக இருந்தன. வாய் கொஞ்சம் அதிகம்.

நான் புதிய இரும்புக் கட்டில் ஒன்று வாங்கித் தருகிறேன், மெத்தையோடு, என்றேன்.

“இரும்புக் கட்டிலு ஆசுபத்திரிக்காரனுக்கு. நா இதுலதான் கட்டிக்கினேன், இதுலதான் பெத்தேன். என்னியும் சேத்துத் தூக்கிக்கினு போறதுன்னா போ ஆபீசரே.”

அதை நான் யோசித்துப் பார்த்தேன். வண்டியில் இடம் போதாது.

எல்லப்பன் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனான். நல்ல பையன், நாற்பது வயது இருக்கும். கட்டில் அவனுக்குத் தேவையில்லை. அவனும் அவன் மனைவி பூவாயியும் பாயில் படுப்பவர்கள். “அவரு காலம் முடியட்டும் ஐயா. அப்புறம் நீங்களே எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. உசுரு கட்டிலு மேலயே போச்சின்னா அது வூட்டுக்கு ஆவாது. சுடுகாட்டோட உட்டுட்டு வந்துடணும்.”

இந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். உயிர் போகும் முன் ஆளைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கிவிட வேண்டும். ஆகவே அந்தக் கட்டில் பிழைப்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்திருந்தது. சடையப்பனைச் சரியான நேரத்தில் இறக்க வேண்டும். எல்லப்பன் பாதி நாள் வயலில் இருப்பான். பூவாயி தனியாகத் தூக்க முடியாது. அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அதன்பின் அடிக்கடி போனேன். அவருக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோவேன். ஒரு ரப்பர் விரிப்பும் வாங்கிக் கொடுத்தேன். வயதானவர்கள், இரவில் சில நேரம் கட்டுப்பாடு இருக்காது, நூக்கமரத்துக்கு உப்பு ஆகாது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“நா செத்தா நீ அழுவியா, கட்டில தூக்குவியா?”

இரண்டையும் செய்வேன் என்றேன். எது முதலில் என்று கேட்டார். அதற்குப் பூவாயி, “ஐயா வாயக் கிளறாத மாமா, கஞ்சியக் குடி” என்றாள்.

முதல் தடவை இறக்கியது ஆடியில். நல்ல ஜுரம், பேச்சு குழறியது. நானும் எல்லப்பனும் சேர்ந்து இறக்கினோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் அழுதார்கள். ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றினார்கள். நாலாவது கரண்டியில் அவர் கண்ணைத் திறந்து, “சக்கர போடலியா?” என்றார். மறுநாள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். அவரை மேலே ஏற்றினோம். எனக்கு அது வீண் போகவில்லை. அவர் கீழே கிடந்தபோது கட்டிலின் அடிப்பாகத்தைப் பார்க்க முடிந்தது. எல்லாம் மர ஆப்பு. ஒரு ஆணி கூட இல்லை.

அடுத்த தடவை இருமல். அதற்கடுத்து விக்கல். விக்கலுக்கு இறக்கியது அவசரம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். விக்கலில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் தேறினார், ஒவ்வொரு தடவையும் ஏற்றினோம். மதார் சாகிப் வண்டியை வீணாக ஓட்டிவந்த கோபத்தில் இருந்தார்.

“இன்னா அண்ணாத்த இது, ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, கெணத்துல கவலை எறைக்கிற மாடு கூட இந்தப் பாடு படாது. நீ வாங்க வந்தது கட்டிலா, கெழவனா?”

பூவாயி ஒரு தடவை பாய் போடட்டுமா என்று கேட்டாள். பாய் போட்டால் அது தரை ஆகாது என்றேன். வழக்கத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்னால் யாராவது குறை சொல்லி, கட்டில் சுடுகாட்டுக்குப் போய்விடக்கூடாது இல்லையா. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“ஐயா, நீங்க வர்ற அன்னிக்குத்தான் அவருக்கு முடியாம போவுது.”

தற்செயல் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மேஜையில் இருக்கும் அந்த மைக்கூடு பீங்கானா? அப்புறம் பேசுவோம்.

எரித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஐப்பசி அடைமழையில் அவர் காலமானார். தரையில்தான். முறையாக, எல்லாரும் பார்த்திருக்க, பால் ஊற்றி. அந்த விஷயத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. விடிந்ததும் நான் கயிறு, வைக்கோல் எல்லாம் எடுத்து வைத்தேன். அப்போது எல்லப்பன் கோடாலியோடு கூடத்துக்கு வந்தான். முதல் வெட்டு கிளி மேல் விழுந்தது. நான் கோடாலியைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னிடம் கோபமாகப் பேசவில்லை.

“ஊருல வெறகெல்லாம் ஊறிக் கீது ஐயா. எரு கூட கரஞ்சி பூட்ச்சி. அப்பன வேக வைக்க எனக்கு வேற வழி இல்ல. இந்த வூட்ல காஞ்ச மரம் இது ஒண்ணுதான். நீங்கதானே நனையாம பாத்துக்கினீங்க.”

அது உண்மை. நான்தான் பார்த்துக்கொண்டேன். நன்றாக எரிந்தது. ஒப்பந்தத்தை மீறியவன் அவன். அதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் வண்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் இறப்பதற்கு முந்தின நாள் காலையிலேயே நான் ஏன் வண்டியோடு போனேன் என்று. மதார் சாகிப் செங்கல்பட்டில் மூட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து அந்த வீட்டில் விட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஊருக்குள் போனார். அவ்வளவுதான். கயிறு எப்போதும் என் பையில் இருக்கும்.

அன்றைக்கு அவருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கிறீர்கள். ஒன்றுமில்லை. கூழ் குடித்துவிட்டு, தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரை உடைந்துவிடும் என்று ஊரே மண் அணைக்கப் போயிற்று. எல்லப்பனும் பூவாயியும் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். “நல்லவேள, ஐயா வந்தீங்க. அப்பனக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கூரையில் ஓடு விலகி ஒழுக ஆரம்பித்தது. நேராகக் கட்டிலின் மேல். முதலில் சொட்டு, பிறகு தாரையாக. அவர் நனைவதைப் பற்றி அவரே கவலைப்படவில்லை. ஏரித் தண்ணி நம்மளத் தேடி வந்துட்ச்சி என்று சிரித்தார். நூக்கமரம் நூறு வருஷம் காய்ந்தது. அந்த நிலையில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். கட்டிலை நகர்த்த வேண்டும். ஆள் இருக்கும்போது இழுத்தால் கால் ஆட்டம் கண்டுவிடும். ஆணி இல்லாத வேலை என்று முன்பே சொன்னேன்.

ஆகவே அவரை இறக்கினேன். தனியாகத்தான். ஒரு பெரிய தவலை அளவு கனம், அதற்கு மேல் இல்லை. கட்டிலை நெல் குதிர் பக்கம் தள்ளினேன். கூடத்தில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். அவரையும் அங்கே நகர்த்தியிருக்கலாமே என்கிறீர்கள். காய்ந்த இடம் ஒன்றுதான் இருந்தது என்று சொன்னேனே.

ஒழுகல் அதே இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார். சாணம் மெழுகிய தரை, சீக்கிரம் சேறாகிவிட்டது. அண்டா எதையாவது வைத்து ஒழுகலைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். வைக்க வேண்டிய இடத்தில் அவர் படுத்திருந்தார். என்னிடம் துண்டு ஒன்றுதான் இருந்தது. அதனால் கட்டிலைத் துடைத்தேன். கிளிகளின் இறகு இடுக்கில் தண்ணீர் நின்றிருந்தது. அதற்கு நேரம் பிடித்தது.

அவர்கள் பொழுது சாயத்தான் வந்தார்கள். அவர் தரையில் கிடப்பதைப் பார்த்ததும் பூவாயி வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இறக்கியாகிவிட்டது என்றால் அவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்கு அப்போது பல் அடித்துக்கொண்டிருந்தது. ஏற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அழுகை தொடங்கிய வீட்டில் அப்படிச் சொல்வது மரியாதையாக இருக்காது. எல்லப்பன் பால் கொண்டு வந்தான். இந்தத் தடவை அவர் சர்க்கரை கேட்கவில்லை.

பகல் முழுவதும் அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். சொன்னார். மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை. கோபமாக இல்லை. நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் தலையை மட்டும் திருப்பி, கட்டிலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கட்டிலு காஞ்சிட்ச்சா ஆபீசரே? காஞ்சிருந்தா என்னத் தூக்கி மேல போடேன்.”