ஹெல்மெட் போட்டுக்கொண்டு ரயிலேறியவர்

வழியில் ரயில்மீது கல்லெறிகிறார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். பின்னே, நெமிலிச்சேரியில் காலை வண்டி ஏறிய ஒருவர் தலையில் ஹெல்மெட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தால் வேறென்ன நினைப்பது? "எனக்குக் காத்து ஆகாது சார்" என்று, நின்றிருந்த ஒருவருக்கு என் ஜன்னல் சீட்டைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பெட்டியின் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

ஹெல்மெட்காரரின் கூட்டாளி கேட்டார்: "இன்னா மாமே, உன்கிட்ட சைக்கிளே கெடையாது. ஹெல்மெட்டு எதுக்கு?"

"காக்கா மாமே! ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்குப் போனேன். அதுல கூடு கட்டிக்கீது. தெரியாம கை பட்டுச்சு. அன்னிலேர்ந்து வாசப்படி தாண்டினா நடுமண்டையில கொத்துது. தெருமுனை வரைக்கும் தொரத்திகினு வருது."

"கூட்டைப் பிரிச்சுப் போட வேண்டியதுதானே?"

"பொண்டாட்டி உடமாட்டேன்றா. குஞ்சு பறக்கட்டும்ன்றா. அவ வெக்கிற சோத்தைப் பக்கத்துல வந்து துன்னுது. என்னைப் பார்த்தா மட்டும் கொலகாரனைப் பார்த்த மாதிரி பாயுது!"

"குஞ்சு எப்போ பறக்கும்?"

"நேத்துதான் கண்ணு தொறந்துச்சாம். சிரிச்சுகினே வந்து சொல்றா."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் ஜன்னலோரத்தில் அந்த ஆள் காற்று வாங்கியபடி தூங்கிப்போயிருந்தார். ஒரு கல்லும் விழவில்லை. பேசின் பிரிட்ஜ் வரை நான் நின்றுகொண்டே போனேன்.