சொருகிய நுனி

உங்கள் ஸ்டேஷன் தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல், முத்துக்குமாரு சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். வீட்டில் என் தங்கை அகத்தா அரைக் கரண்டிதான் போடுவாள். அறுபத்தாறில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இந்த எண்பத்தைந்து வரை அவள் கைத் தேநீர்தான் குடிக்கிறேன். வேறு கை பட்டால் எனக்கு இறங்காது.

மேசைமேல் கிடக்கும், இடுப்பில் கட்டுகிற அந்த ஈய வாரை நீங்கள் இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டீர்கள். கனம்தான். கோலா கெடாவில் படகு விசிறிகளில் சிக்கிய வலையை முக்குளித்து அறுப்பது என் தொழில். அந்த ஈயக் கட்டிகளைப் பழைய வலைக் குண்டுகளை உருக்கி நானே வார்த்தேன். உப்புத் தண்ணீர் மனிதனை மேலே மேலே தள்ளும். ஈயம் இருந்தால்தான் கீழே போக முடியும். ஆபத்து என்று வந்தால் அதே ஈயத்தைக் கழற்றி எறிந்தால்தான் மேலே வர முடியும். அதனால்தான் வாரை எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் கட்ட வேண்டும். சோற்றுக் கையால் ஒரே இழுப்பு. கொக்கி திறந்து வார் தானாக விழுந்துவிட வேண்டும்.

கொக்கியைத் தாண்டி ஒரு முழம் வார் மிஞ்சும். அதைத் தொங்கவே விட வேண்டும். நம் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கைலி கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? மிஞ்சியதைச் சுருட்டி இடுப்பில் சொருகினால்தான் அதற்கு நிம்மதி. நான் பதினோரு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். பதினோரு பேரும் முதல் நாள் சொருகினார்கள். பதினோரு பேர் கையிலும் ஓங்கி ஒரு அடி வைத்தேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது ஆள் கென்னத்.

நல்ல பிள்ளை. பாடாங் மேஹா தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தான். அகத்தாவைப் பெண் கேட்டு வந்தபோது சப்பாத்தை வாசலுக்கு வெளியே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கல்யாணம் முடிந்ததும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை, அகத்தாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். குளிர் ஊர். அவளுக்கு மழை பெய்தாலே சளி பிடிக்கும். அவளுக்கு எது ஒத்துவரும், எது வராது என்று பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான்.

மாதா கோவிலில் மண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. "யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கவும்" என்று சாமியார் கேட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. என்னவென்று சொல்வது? மூன்றாவது ஞாயிறு மட்டும் பாக்கி இருந்தது.

கென்னத்தான் கேட்டான். "ஜெரார்ட் அண்ணே, போறதுக்குள்ள நீங்க செய்ற வேலைய ஒரு தடவ தண்ணிக்குள்ள பாக்கணும் லா." என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் கேட்டான் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தேன். சனிக்கிழமை காலை பாயார் தீவுக்குப் போனோம். படகுக்காரர் பழனியாண்டி மேலே இருந்தார். கடல் அன்று அசையவே இல்லை.

கம்பிரஸர் மெதுவாக ஓடியதால் அவன் சிலிண்டரில் பாதிதான் காற்று ஏறியிருந்தது. புது ஆள் மிதந்துவிடுவான் என்று வாரில் இரண்டு கட்டி கூடுதலாகக் கோர்த்தேன். பழைய ரிப்போர்ட்டில் இதெல்லாம் இல்லை. அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஏழு பாகம், நாற்பதடி ஆழத்தில் அவன் கழுத்துக்குக் குறுக்கே கையை வீசிக் காட்டினான். காற்று இல்லை என்று அர்த்தம். நான் அவன் இடுப்பைக் காட்டினேன். சொன்னபடி செய்கிற பிள்ளை. சோற்றுக் கையால் இழுத்தான், கொக்கி திறந்தது. வார் விழவில்லை. சுருட்டிச் சொருகியிருந்த நுனி ஈரத்தில் இறுகிப்போய்ப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப இழுத்தான். நான் நான்கு கை தூரத்தில் இருந்தேன். என் காலில் கத்தி இருந்தது. கண்ணாடிக்குள் அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை. இதோ அண்ணன் வந்துவிடுவார் என்றுதான் அது பார்த்துக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. அந்தக் கண் அசைவது நின்ற பிறகுதான் போனேன், வாரை அறுத்தேன், அவனையும் வாரையும் மேலே கொண்டுவந்தேன். பழனியாண்டி கதறி அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சார்.

அவனேதான் சொருகிக்கொண்டான் என்று அப்போது எழுதினார்கள். அவன் கைதான் சொருகியது. ஆனால் உண்மையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பேரில் அவன் ஒருவன்தான் முதல் நாள் சொருகாதவன். எங்கிருந்தோ ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கிப் படித்திருந்தான். வீட்டு முற்றத்தில் வாரைக் கட்டிப் பார்த்தபோது நுனியைத் தொங்கவிட்டு நின்றான்.

"தம்பி, என்ன இது, வால் மாதிரி? சொருகு," என்றேன்.

"புக்குல சொருகக் கூடாதுன்னு போட்டிருக்கே, அண்ணே."

"அது வெள்ளக்காரன் புக்கு லா. அவனுக்குக் கைலி கட்டத் தெரியுமா? இங்க கடலுக்கடியில எங்க பாத்தாலும் வலை. தொங்கவிட்டா மாட்டிக்கும். நல்லா ரெண்டு சுத்து சுருட்டிச் சொருகு."

சிரித்துக்கொண்டே சொருகினான். இரண்டு வாரமும் தினம் சொருகவைத்தேன், கை தானாகப் பழகும்வரை.

அகத்தா அப்போது சமையல்கட்டு வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதற்கு முந்திய பதினோரு பேரையும் நான் அதே முற்றத்தில் அடித்ததும் அவளுக்குத் தெரியும். அவன் போன பிறகு பெர்த் பேச்சே எழவில்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது. இரண்டு வருடமாக அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் நேரத்துக்குத் தேநீர் வந்துவிடும். அன்று போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த, அறுத்த அந்த வாரைத் தன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். நான் எடுக்கவில்லை. ஆசைக்கு வைத்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அதை அவளே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள் என்றீர்கள். இரண்டு மணி நேரம் பேசினாள் என்றீர்கள். அவள் குரல் திரும்பியதே எனக்குப் பெரிய சந்தோஷம். எனக்காகத்தான் வந்திருப்பாள், வேறு யாருக்காக வரப்போகிறாள்? வெளியே பெஞ்சில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சார். எனக்கு நேரமாகும்போலத் தெரிகிறது. அவள் வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்கும் உலை வைக்கட்டும்.