இரண்டு படி மேலே

பதவி உயர்வு கொடுத்தவன்மேல் யாரும் புகார் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் விசாரணைக் குழு என்று நீங்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, எனக்கு மட்டும் மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில் நாற்காலி போட்டிருப்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. பரவாயில்லை, சொல்கிறேன்.

கல்லூரி நேரம் போக, இந்தக் கால்பந்துக் கழகத்தில் எந்தப் பிள்ளை எந்த வயதுப் பிரிவில் ஆட வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. ஒரு பிள்ளையைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கினால் அம்மா அழுவார், அப்பா வக்கீல் நண்பரோடு வருவார். மேலே ஏற்றினால் குடும்பமே வந்து கைகுலுக்கும். பிள்ளை தாங்குமா என்று அந்தக் கைகுலுக்கலுக்கு நடுவில் யாரும் கேட்பதில்லை.

பசை என்பது நீங்கள் விசாரிக்கிற அந்தச் சிறுமியின் பட்டப்பெயர். பந்து அவள் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும். பத்து வயதுக்குட்பட்டோர் அணியின் கோல்கீப்பர். அவள் அப்பா முன்பு இதே மைதானத்தில் கோச்சாக இருந்தவர். இப்போது முழங்கால் போய்விட்டது. மகளின் கோல் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டுக் கத்துவதோடு சரி.

முதல் நாள் என்னைப் பார்த்து, "தம்பியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார்.

"நம்ம மூஞ்சி அப்படி சார். எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரியே இருக்கும்."

அவருக்கு நினைவில்லை. பசையின் வயதில் நானும் கோல்கீப்பர்தான். அவர்தான் என்னை இரண்டு பிரிவு மேலே தூக்கி, மீசை முளைத்த அண்ணன்களின் உதைக்கு முன்னால் நிறுத்தினார். "அடி பட்டாத்தான்டா பயம் போகும்" என்றார். பயம் அப்படியே இருந்தது. பந்து வருமுன் கண் மூடிக்கொள்ளப் பழகியது. எல்லாரும் பார்க்க எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார். மைதானத்தை நான் விட்டேன், பெயர் என்னை விடவில்லை. கல்லூரி கேன்டீன்காரர் இன்றைக்கும் "தூங்குமூஞ்சிக்கு ஒரு டீ" என்றுதான் குரல் கொடுக்கிறார். இதையெல்லாம் ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

பசையை இரண்டு பிரிவு மேலே ஏற்றினேன். அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா மட்டும், "பெரிய பொண்ணுங்க உதைக்கிறது மூஞ்சியில பட்டுடாதா தம்பி?" என்று இழுத்தார். "படட்டுமே. பட்டாத்தான் பயம் போகும்" என்று பதில் சொன்னது அப்பாதான், நான் இல்லை.

பெரிய பெண்கள் நல்ல பெண்கள். பாவம் பார்த்து மெதுவாக உதைத்தார்கள். சின்னக் குழந்தை என்று சலுகை காட்டுவது அவளுக்கு அவமரியாதை என்று விளக்கினேன்.

"மூஞ்சிக்கு நேராவா அண்ணா?" என்றாள், உயரத்தால் ஏணி என்று பெயர் வாங்கியவள்.

"அதுதான்மா மரியாதை."

முதலில் உதடு கிழிந்தது. பிறகு சுண்டுவிரல் வீங்கியது. நான்தான் மண்டியிட்டு, வலிக்காமல் பிளாஸ்டர் சுற்றிவிட்டேன். "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். நான் அவள் கண்ணைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, ஏணியின் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே அவளுடைய கண்கள் இறுக மூடிக்கொண்டன. வலைக்குப் பின்னாலிருந்து அவர் கத்தினார்: "என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா?" பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நியாயமாக அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுநாள் அப்பாவும் மகளும் என்னிடம் வந்தார்கள்.

"என்னைக் கீழ இறக்கி விட்டுடுங்கண்ணா. குட்டிப் பசங்களோடயே ஆடுறேன்."

"சாப்பாட்டைக்கூடத் தொட மாட்டேங்குறா தம்பி" என்றார் அவர்.

"அடி பட்டாத்தான் சார் பயம் போகும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "டேய்... தூங்குமூஞ்சியா நீ?"

"ஆமா சார்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பாக இருக்கும் என்று காத்திருந்தேன். "சின்னப் பையன்டா நீ அப்போ. இதையெல்லாமா மனசுல வெச்சிருப்ப?" என்று சிரித்தார்.

நான் பசையிடம் திரும்பி ஒரு நிபந்தனை சொன்னேன். கிட்டத்தில் வைத்து உதைக்கும் ஒரே ஒரு பந்து. கண்ணை மூடாமல் பிடித்தால் இறக்கிவிடுகிறேன்.

"ஒண்ணுதானேம்மா" என்றார் அவர்.

ஏணியிடம், முழு மரியாதையோடு உதைக்கச் சொன்னேன். அவள் ஓடி வந்தாள். "மூடாதம்மா, கண்ணை மூடாத" என்று வலைக்குப் பின்னாலிருந்து அவர் கத்தினார். பசை அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை.

அந்த வயதில் நான் வாங்கிய அடியெல்லாம் மூடிய இமைமேல்தான் விழுந்தது. அதனால்தான் எனக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது. இதை முன்கூட்டியே யோசித்தாயா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன்.

வலது கண் இனித் தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். பந்தை அவள் பிடிக்கவில்லை. ஆனாலும் கண்ணை மூடவில்லை, அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். அவரைப் போல நான் ஒன்றும் கல்மனசுக்காரன் இல்லை. நேற்றே அவளைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிட்டேன்.