தொண்டை நோ என்று விட்டுவிட்டோம்

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் நடராசா அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாயாண்டி ஐயா, வடிவம்மா அவர்களே, அக்கராயன் ஊர்ப் பெற்றோரே, பிள்ளைகளே! ஆசிரியை கஜேந்தினியின் பக்கத்து வகுப்பில் படிப்பிக்கும் சிவகரன் நான். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இரங்கலுரை சொல்ல எழுந்து நிற்கிறேன். எதைச் சொல்ல?

அவரைக் கொன்றது எது? குண்டு அல்ல. குண்டுகளுக்குத் தப்பி வந்தவர் அவர். போரில் இடம்பெயர்ந்த முகாமில், ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் பல குடும்பங்கள் நெருங்கிப் படுத்த நாட்களில், சிறுமியாயிருந்த அவருக்குத் தொண்டை நோ வந்தது. காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது. பிறகு மாறிவிட்டது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். தொண்டைக் கிருமியால் வந்த அந்த வாதக் காய்ச்சலோ மூட்டை விட்டு இதயத்தின் வால்வைப் பிடித்திருந்தது. ஆசிரியப் பயிற்சிக்குப் போன கல்வியியற் கல்லூரியில் படியேறும்போது மூச்சு முட்டிய பிறகே அது தெரியவந்தது.

அதற்காக அவர் ஓய்ந்து படுத்தாரா? போன வருடம் அவருடைய வகுப்புக்கு மேனுகா நொண்டி நொண்டி வந்தாள். ஒருநாள் முழங்கால், இன்னொருநாள் கணுக்கால். தாய் விமலேஸ்வரி சொன்னார்:

“வளருற பிள்ளையளுக்கு உப்பிடித்தான் உளையும், டீச்சர்.”

“எனக்கும் இப்பிடித்தான் சொன்னவை, அக்கா. வெளிக்கிடுங்கோ, பஸ் வரப்போகுது.”

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கஜேந்தினி தானே கூட்டிப்போனார். மேனுகாவுக்கும் அதே காய்ச்சல்தான்! ஆனால் வால்வு பழுதாகுமுன் பிடிபட்டது. மாதந்தோறும் பெனிசிலின் ஊசி. முதல் ஊசிக்குப் பிள்ளை கதறியபோது கஜேந்தினி சொன்னார்:

“நோகும்தான். பொய் சொல்லமாட்டன். என்ர கையைப் பிடி, நல்லா நுள்ளு.”

மறுநாள் நகத் தழும்போடு வகுப்பில் நின்றார்.

பிள்ளை தப்பினாள். டீச்சர்? வால்வுச் சத்திரசிகிச்சைக்கு முறை வருமென்று காத்திருந்தார்; வரவில்லை. கடைசி நாள், படுக்க முடியாமல், கதிரையில் இருந்தபடியே மூச்சுக்குப் போராடினார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன அம்புலன்ஸ் ஆனையிறவைத் தாண்டுமுன்னே உயிர் போய்விட்டது.

அன்பானவர்களே! அன்று அந்தத் தொண்டை நோவுக்கு மருந்து கிடைத்திருந்தால் இன்று இந்தக் கூட்டம் எதற்கு? வசதியான நாடுகள் மறந்துபோன நோய் எங்கள் பிள்ளைகளை ஏன் இன்னும் தின்கிறது? விதி என்கிறீர்களா? வடிவம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் துணிவுண்டா?

ஆசிரியர்கள் நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். தொண்டை நோவோடு வரும் பிள்ளையை அன்றே வைத்தியரிடம் காட்டச் செய்வோம். ஊசியைத் தவறவிடும் வீட்டின் படலை வாசலில் வந்து நிற்போம். எங்களைக் கோபியுங்கள், ஏசுங்கள். பிள்ளையை ஊசிக்கு வெளியே அனுப்புமட்டும் அந்தப் படலையை விட்டுப் போகமாட்டோம்.