சீட்டுக்கு அடியில் வந்த சத்தம்

என் பெயரும் முகவரியும் கணவரின் அண்ணன் போலீசில் கொடுத்த புகாரில் உள்ளவைதான். வயது இருபத்தேழு. பி.காம். படித்தேன், குழந்தை பிறந்தபின் வேலைக்குப் போகவில்லை. குழந்தைக்கு இரண்டு வயது. கணவர் தீக்காயப் பிரிவில் இருப்பதால் நடந்ததை நான் எழுதித் தருகிறேன். குழந்தை நடுநடுவே எழுந்து அழுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

சம்பவத்தன்று மாலை எங்கள் மின்சாரக் காரைக் கணவர் ஓட்டினார். நானும் குழந்தையும் பின் சீட்டில் இருந்தோம். தூறலில், வளைவில் வேகமாக வந்த ஒரு பெட்ரோல் கார் எங்கள் பக்கவாட்டில் மோதியதில், எங்கள் கார் சாலை நடுவிலுள்ள தடுப்புக் கல்மேல் ஏறி, அடிப்பாகம் உரசி இறங்கி நின்றது. அதன்பின் எல்லோரும் இறங்கினோம். யாருக்கும் அடியில்லை. மோதியவர் ஒரு வெல்டர். அவர் காரிலிருந்து பெட்ரோல் ஒழுகியது, டிக்கியில் கேஸ் சிலிண்டரும் இருந்தது. கூட்டம் சிதறியது. நாலு பேர் அவரோடு சேர்ந்து அந்தக் காரைத் தள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் நிறுத்தினார்கள். எங்கள் காரை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதன்பின் தூறல் வலுத்தது. கணவர் என்னிடம், "பாப்பாவத் தூக்கிட்டு உள்ள உக்காரு. நம்ம வண்டியில எரியறதுக்கு என்ன இருக்கு?" என்றார். பேட்டரி முழுவதும் காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெறுங்காலோடு காரின் தரையில் நின்ற குழந்தை "சுடுது" என்று காலைத் தூக்கியது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. குக்கரில் விசில் வருமுன் கேட்கிற மாதிரி சீட்டுக்கு அடியில் சத்தம் வந்தது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடையும் அடித்தது. என் பக்கக் கதவு நசுங்கியிருந்தது. மறுபக்கக் கதவில் குழந்தைக்காக நாங்களே பூட்டு போட்டு வைத்திருந்தோம், உள்ளிருந்து திறக்காது. முன் சீட்டுக்குத் தாண்டலாம் என்று அப்போது தோன்றவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஓடி வந்தவர் வெல்டர். நசுங்கிய கதவைக் கம்பியால் நெம்பித் திறந்து, "கொழந்தைய மொதல்ல குடும்மா" என்றார். அவர் கையில் அந்தக் கம்பி தவிர வேறெதுவும் இல்லை. நாங்கள் கொஞ்ச தூரம் போவதற்குள் காரின் அடியிலிருந்து வெள்ளைப் புகையும் பிறகு தீயும் வந்தன.

அதன்பின் ஒரு பஸ் டிரைவர் தீயணைப்பு உருளையைக் கொண்டுவந்து அடித்தார். தீ அடங்கியது. பெட்ரோல் தீயைப்போல இதுவும் அணைந்தால் அணைந்ததுதான் என்று எல்லோரும் நினைத்தோம். குழந்தையின் பையை எடுக்கக் கணவர் உள்ளே குனிந்தபோது தீ மறுபடி எழுந்தது. இரண்டு கையும் வெந்துவிட்டன. அப்போது அவர் அருகில் யாரும் இல்லை. நசுங்கிய பேட்டரி உள்ளுக்குள்ளேயே சூடேறி மறுபடி மறுபடி பற்றும் என்று தீயணைப்பு அதிகாரி பின்னர் சொன்னார். அது அவர் சொன்னது. நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அதன்பின் கூட்டம் வெல்டரைப் பிடித்து அடித்தது. கேஸ் டார்ச்சால் அவர்தான் தீ வைத்தார் என்று புகார் ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கணவரின் அண்ணன் என்னிடம், "தீ எப்படி வந்துச்சுன்னு நீ பாக்கல. அத மட்டும் சொல்லும்மா, போதும்" என்றார்.

நான் பார்க்கவில்லை என்பது சரிதான். அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெல்டர் வேகமாக வந்து மோதியது உண்மை. அதற்கு உண்டானதைச் செய்யுங்கள். அவர் தீ வைக்கவில்லை. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் அறிந்த உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. கணவரின் அண்ணன் இதன் நகலைக் கேட்டால் கொடுக்கலாம்.

(கையொப்பம்)