அவள் குரல் அப்படி

டீ ஆறிவிடப் போகிறது மேடம், முதலில் குடித்துவிடுங்கள். நான் சொல்வதில் உங்களை அலறவைக்கிற விஷயம் ஒன்றுமில்லை. என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். குழாயில் தண்ணீர் வராதவர்களெல்லாம் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். யார் நிஜமாகத் தவிக்கிறார்கள், யார் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். துறைமுகப் பக்கத்து ஆட்கள் வந்தால் மற்ற ஊழியர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். நான் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பேன். எதற்கும் கத்துவது அவர்கள் சுபாவம். சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் கேட்டால் போதும்.

என் மகன் துறைமுகத்துப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது சொந்தபந்தமெல்லாம் குதித்தது. நான் குதிக்கவில்லை. இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றான் என் தம்பி. "மிதிக்காட்டி போ" என்று சொல்லிவிட்டேன். மனிதரில் பேதம் பார்க்காதவள் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

நல்ல பெண் மேடம். எனக்குக் கால் வீங்கினால் தரையில் உட்கார்ந்து பிடித்துவிடுவாள். அவள் சிரித்தால் மாடிக்காரர் தரையைத் தட்டுவார். செல்லமாக 'ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிடுவேன். "நான் வந்த பிறகுதான் அத்தை உங்க காதே நல்லா வேலை செய்யுது" என்பாள். பிரசவ அறையில் அவள் போட்ட கூச்சல் வெளிவாசல்வரை கேட்டது. "பயப்படாதீங்க சிஸ்டர், அவங்க ஆளுங்க எதுக்கும் இப்படித்தான்" என்றேன். அந்த சிஸ்டரும் சிரித்தாள். குழந்தை சுகமாகத்தான் பிறந்தது.

வீட்டுக்கு வந்து சில நாளில், ஒரு மத்தியானம் தலைவலி என்றாள். மகன் அச்சகத்துக்குப் போயிருந்தான்.

"அத்தை, தலை பிளக்குது. கண்ணு முன்னாடி என்னமோ மின்னுது."

"பிள்ளை பெத்த உடம்பும்மா. அப்படித்தான் இருக்கும். படு."

தைலம் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பித்தாள். டாக்டரிடம் போகலாம், எனக்கு என்னமோ ஆகிறது, அத்தை, அத்தை என்று ஒரே கூப்பாடு. மாடிக்காரர் இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, எங்க ஸ்பீக்கர்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். வேலை நேரத்தில் மகனைக் கலவரப்படுத்துவாளே என்று அவள் போனை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். குழந்தையைக் கூடத்துக்குத் தூக்கி வந்து அறைக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன், அவள் எழுந்து நடந்து தையலைப் பிரித்துக்கொள்ளக் கூடாதென்று.

மகன் எனக்குப் போன் பண்ணினான். "அவ எடுக்க மாட்டேங்கிறாளேம்மா."

"தூங்குறாடா. எழுப்பாதே."

பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை. குழந்தையைத் தூங்கவைத்தேன். காய் நறுக்கினேன். பால் எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். நாக்கைக் கடித்திருந்தாள். ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது.

பிரசவத்துக்குப் பிறகும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருமாம். தலைவலியும் கண்ணில் மின்னுவதும்தான் அதற்கு அடையாளமாம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு மகன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் அழவில்லை. "அம்மா, அக்கா கத்தியிருந்தா கதவைச் சாத்தியிருப்பியா?" என்றான். அதற்கப்புறம் அவன் என்னிடம் பேசவில்லை.

யோசித்துப் பார்த்தேன் மேடம். என் மூத்த பெண் ஒரு தடவை போனில், ஏதோ பேச்சுவாக்கில், லேசாகத் தலை வலிக்கிறது என்றாள். நான் ஜோடி மாறிய செருப்போடு ஓடினேன். கடைசியில் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவள் முணுமுணுத்தது எனக்கு முழுசாகக் கேட்டிருக்கிறது. இவள் அலறியதில் பாதியைத் தள்ளியிருக்கிறேன். வெறுத்துச் செய்யவில்லை. வெறுத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும், ஒருவேளை நிறுத்தியும் இருப்பேன். பிரியமாக இருந்துகொண்டே செய்ததால் தெரியவில்லை. இப்போது சமையலறையில் நிற்கும்போது அந்தச் சிரிப்பு கேட்காதா என்று அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன்.

அவள் கூப்பிட்டது கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. போனை எடுத்தது நான். தாழ்ப்பாள் போட்டது நான். தூங்குகிறாள் என்று பொய் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். என் கண் திறந்துவிட்டது. இனி அந்தத் தப்பு என்னிடம் நடக்காது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு விவரம் போதாது, லேசாகச் சிணுங்கினாலே தூக்கிவிடுகிறாள். அது தாய்வழிக் குரல் மேடம், சும்மாவே கத்தும். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டால் தானாக அடங்கிவிடும்.