அராவி எடுத்த இரண்டு எழுத்து

இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல இருக்கிறது. மூட்டை தூக்கினவனுக்கு இந்த வலி தெரியும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த லாரி வர நேரமாகும், அதுவரை கரண்டும் வராது போல. கிட்ட வாருங்கள்... என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரவு ஒரு மணிக்கு மேல். கடைசி பஸ் போய்விட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கே இல்லாத ரோடு. தோளில் நீளமான தோல்பெட்டி, உள்ளே துப்பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறான் மாப்பிள்ளை. பயத்தில் இல்லை. ஆத்திரத்தில்.

அவன் அப்பன் ஒரு பங்களாவில் ஆயுசு முழுக்க மாடாய் உழைத்தவர். முதலாளி செத்ததும், பாக்கிக் கூலிக்குப் பதிலாக மகன்கள் இந்தத் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் செய்த பழைய சாமான். இரண்டு குழலும் பக்கம் பக்கமாக ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கும். லைசென்ஸ் காகிதமெல்லாம் பேர் மாற்றியாயிற்று. அப்பனும் போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளைக்கு முதுகில் தட்டு விலகிவிட்டது. இனி மூட்டை தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்கிக்கொண்டுதான் இருந்தான், அடுப்பு எரிய வேண்டுமே. துப்பாக்கியை விற்றால் ஒரு சின்ன லோடு வண்டி வாங்கி ஓட்டலாம். முதுகு பிழைக்கும்.

பழம்பொருள் வியாபாரி முதல் தடவை பார்த்தபோது அவருக்கு வாயெல்லாம் பல். அடியிலிருந்த கட்டையைக் கழற்றி, குழலின் அடிவயிற்றைக் காட்டினார். அங்கே இரண்டு சின்ன இங்கிலீஷ் எழுத்து அடித்திருந்தது. மாப்பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. பார்த்தான், அவ்வளவுதான். வியாபாரி துப்பாக்கியின் பூர்வீகத்தைச் சொன்னார். பக்கத் தகட்டில் பூவேலைக்கு நடுவே பெரிதாக இருக்கிறதே, அது கடை முதலாளி பேர். அந்தத் துரை அரத்தைத் தொட்டதே இல்லை. பின்சந்தில் எவனோ ஒருத்தன், உருப்படிக்கு இவ்வளவு என்கிற கூலிக்கு, மயிரிழை பிசகாமல் குழலை அராவினான். அவனுக்கு இந்த இரண்டு எழுத்து. அதுவும் மரியாதைக்கு இல்லை. குழல் கோணினால் யார் கூலியில் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. அதையும் கட்டைக்குள் மறைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வா, பணம் தருகிறேன் என்று அனுப்பினார்.

மாப்பிள்ளை யாரிடம் வேலை பார்ப்பவன்? சாக்கில் தூசி இருந்தாலே கூலியைப் பிடிக்கிறவர்களிடம். அழுக்கோடு கொண்டுபோனால் விலை குறைப்பார் என்று நினைத்தான். உப்புத்தாள் வாங்கி, உள்ளும் புறமும், கட்டைக்கு அடியிலும் விடாமல், பளபளவென்று தேய்த்துவிட்டான். தகட்டில் இருந்த பேர் ஆழமாக வெட்டினது, அசையவில்லை. இரண்டு எழுத்து போயே போய்விட்டது.

வியாபாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "பழைய துப்பாக்கியில அந்த நெறந்தான்யா காசு. பாத்திரமா வெளக்குன? எடைக்குப் போடு, போ."

கடைசி பஸ் போகும்வரை கெஞ்சிப் பார்த்துவிட்டு, அங்கிருந்துதான் நடந்து வருகிறான். பாலம் தாண்டினதும் ஒரு சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்... பிறகு 'உஃப்' என்று தூளை ஊதுகிற மூச்சு. சூடான இரும்பு வாடை. நின்றால் நிற்கிறது. நடந்தால்... காதுக்குப் பக்கத்திலேயே. பெட்டிக்குள்ளிருந்து.

எலியாக இருக்கும் என்கிறான், இதோ உட்கார்ந்திருக்கிற நம்ம குட்டை. ஏன்டா, எலி ஊதுமா?

மதகுக் கட்டைச்சுவரில் ஒல்லியாய் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் பட்டறைக்காரர்கள் கட்டுகிற தோல், கையில் அரம். நிமிர்ந்தான். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை... உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி, மழமழவென்று. அதற்குள்ளிருந்து பேச்சு வந்தது. பாஷை புரியவில்லை. ஆனால் கூலி கேட்கிறவன் குரல் நமக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை பெட்டியைத் தட்டிக் கத்தினான். "என்னைய ஏன்யா புடிக்கிற? நானும் மூட்ட தூக்குறவன்தான். உன் வயித்துல அடிச்சவன் பேரு தகட்டுல ஜம்முனு இருக்கு. போய் அத அராவு."

அரம் நின்றது. ஒரு மூச்சு நேரம்...

சர்ர்ர். இந்தத் தடவை கையில். சில்லென்று இருந்ததாம். வலியே இல்லையாம்.

விடிந்து வேலைக்குப் போனான். கேட்டில் விரல் வைக்கிற மெஷின் சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு வைத்தான், சிவப்பு. பத்து விரலையும் வைத்தான். நுனியில் ஒரு ரேகை இல்லை. காயமும் இல்லை. அவன் தேய்த்த குழல்மாதிரி மினுங்கியது. "ரேக விழலன்னா ஆள் இல்லன்னு அர்த்தம்" என்றார் சூப்பர்வைசர். முதுகை முறித்து வாங்கிக்கொண்ட பாவிகள், விரல் சரியில்லை என்று விரட்டிவிட்டார்கள்.

போன மாசம் நானே துப்பாக்கியின் அடிக்கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். குழலின் அடியில் துரு பூத்திருந்தது. கண்டபடி இல்லை. சுழி சுழியாக... பத்து இடத்தில். கைரேகை.

எழுத்தைத் திரும்ப அடித்துவிடலாம் என்று உளியும் சுத்தியலும் வாங்கி வைத்திருக்கிறான் மாப்பிள்ளை. என்ன எழுத்து என்று வியாபாரியிடம் கேட்டான். எவனோ கூலிக்காரன், யாருக்கு ஞாபகம் என்றாராம். கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி இன்னும் சர்ர்ர் என்கிறது. தகட்டில் கடை முதலாளி பேர் அப்படியே மின்னுகிறது. அராவினவனுக்குத் தரவேண்டிய இரண்டு எழுத்து மட்டும் இன்னும் பாக்கி.